எதிர்ப்பக்க ரயில்

அந்தப் புறநகர் ஸ்டேஷனில் நடைமேடைகள் இரண்டே இரண்டு. முதல் மேடையில் நிற்கும் ரயில் நகரத்துக்குப் போகும். இரண்டாவது மேடைக்கு வருவது நகரத்திலிருந்து வந்து, இன்னும் சில ஸ்டேஷன்களைத் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடத்தில் போய் நின்றுவிடும். காலை வேளையில் முதல் மேடையில் எள் போட்டால் கீழே விழாது. இரண்டாவது மேடையில் ஈ ஓட்டலாம்.

டிக்கெட் கவுன்ட்டர் முதல் மேடையில் இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்த பெண்ணை ஸ்டேஷனில் எல்லோரும் கவுன்ட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பேர் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கிழிந்த நோட்டை நடுவில் மடித்து நீட்டுகிறவனை முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவாள். பன்னிரண்டு வயது ஆகவில்லை என்று சொல்லிப் பையனுக்கு அரை டிக்கெட் கேட்கிற தாயிடம், “தம்பி மீசையை மழிச்சிட்டு வரச் சொல்லுங்க” என்பாள். யாரையும் ஒரு பிடி குறைத்து நம்புவது அவளுடைய வேலை. வேலை அப்படியே சுபாவமாகவும் ஆகிவிட்டிருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, அவனுக்கு அம்மாவும் அவளே, அப்பாவும் அவளே என்று ஆயிற்று. தனக்கென்று ஒரு கல்யாணத்தை அவள் நினைக்கவில்லை. நினைத்தபோது வயது தாண்டிவிட்டது. தம்பிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, அந்தப் பெண்ணையும் தன் ரயில்வே குடியிருப்புக்கே அழைத்து வந்தாள். வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. இரவில் அந்த அறையில் பெண்கள் இருவரும் படுப்பார்கள். காலையில் மாவும் ஈஸ்ட்டும் மணக்க அவன் வந்து அதே அறையில் விழுவான். தம்பி மனைவியைச் சின்னவள் என்பாள் கவுன்ட்டரம்மா. சின்னவள் அவளை அண்ணி என்பாள். சின்னவளுக்கு நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை.

குடியிருப்பு இரண்டாவது மேடைக்குப் பின்னால் இருந்தது. கவுன்ட்டரம்மா விடியும்போதே வேலைக்கு வந்துவிடுவாள். பிறகு சின்னவள் நடைமேம்பாலம் ஏறி இறங்கி, கவுன்ட்டர் கண்ணாடி முன்னால் ஒரு கணம் நின்று, “வரேன் அண்ணி” என்று வாயசைத்துவிட்டுக் கூட்டத்தில் கரைவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

ஒரு நாள் அந்த வழக்கம் நின்றுபோயிற்று.

முதலில் கவுன்ட்டரம்மா கவனிக்கவில்லை. மாத ஆரம்பம், சீசன் டிக்கெட் வாங்குகிற கூட்டம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. சின்னவள் கண்ணாடி முன்னால் வரவில்லை. அது போகட்டும், சீசன் டிக்கெட்டே வாங்கவில்லை. அன்று மாலை வீட்டில் கேட்டாள்.

“இந்த மாசம் என்கிட்ட சீசன் எடுக்கலையே?”

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “எடுத்துட்டேன் அண்ணி. ஆபீஸ் பக்கத்துலயே எடுத்துட்டேன். அங்க வரிசை கம்மி.”

உலகத்தில் எந்தக் கவுன்ட்டரிலும் அண்ணி இருக்கும் கவுன்ட்டரைவிட வரிசை கம்மியாக இருக்க முடியாது. பக்கக் கதவைத் தட்டினால் போதும்.  கவுன்ட்டரம்மா அடுத்த கேள்வியை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

கவுன்ட்டருக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் தண்டவாளங்களுக்கு அப்பால் இரண்டாவது மேடை தெரியும். மறுநாள் காலை அதைத் திறந்து வைத்தாள். “காத்து வரட்டும்” என்று பக்கத்து இருக்கை ஊழியனிடம் சொல்லிக்கொண்டாள். வந்தது காற்று இல்லை. சின்னவளின் மஞ்சள் துப்பட்டா. அது மேம்பாலம் ஏறவில்லை. இரண்டாவது மேடையிலேயே, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றது. நகரத்திலிருந்து காலியாக ஆடிக்கொண்டு வந்த ரயிலில் ஏறிற்று. வேலைக்குப் போகிறவள், வேலைக்கு நேர் எதிர்த் திசையில் போனாள்.

கவுன்ட்டரம்மா பார்க்காமலே சில்லறையை எண்ணித் தள்ளினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள், “அம்மா, சில்லறை தப்பா குடுத்துட்டீங்க” என்றான். அவள் கவுன்ட்டர் வாழ்க்கையில் அப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

அதற்கடுத்த நாளும் அதே. அன்று ரயில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு ஆள் கதவருகே வந்து நின்றார். நீளமான கறுப்புக் குடையை ஊன்றியிருந்தார். சின்னவள் ஏறியதும் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ரயில் போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் தேநீர் குடிக்க வந்தபோது கவுன்ட்டரம்மா சுற்றி வளைத்துக் கேட்டாள். “ஏன் சார், காலையில அந்தப் பக்கம் யாரு போறா? கடைசி ஸ்டேஷன்ல என்ன இருக்கு?”

மாஸ்டர் எதற்கும் சிரிப்பவர். “அங்க என்ன இருக்கு? ஒரு மரக்கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு லாட்ஜ். ஏன், ரூம் போடணுமா?”

சொன்னவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கேட்டவளுக்கு மரக்கடையும் பள்ளிக்கூடமும் காதில் ஏறவே இல்லை.

வீட்டில் அவள் சின்னவளைப் பார்க்கத் தொடங்கினாள். முன்பு பார்க்கவில்லை என்றில்லை. இப்போது வேறு மாதிரிப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தால் எவ்வளவு நேரம் கண்ணாடி முன் நிற்கிறாள் என்று பார்த்தாள். போன் வந்தால் சமையலறைக்குப் போய்ப் பேசுகிறாளா, கூடத்திலேயே பேசுகிறாளா என்று பார்த்தாள். சின்னவளின் கண்கள் காலையில் சிவந்திருந்தன. இரவில் எப்போதாவது கவுன்ட்டரம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால், பக்கத்துப் படுக்கையில் அவள் விழித்தபடி கிடப்பாள்.

“தூங்கலையா?”

“தூக்கம் வரல அண்ணி.”

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நல்ல மனசுக்குத் தூக்கம் ஏன் வராது? தனக்கெல்லாம் தலை சாய்ந்தால் விடியும்போதுதான் விழிப்பு என்று நினைத்துக்கொண்டாள் கவுன்ட்டரம்மா. திரும்பிப் படுத்தாள், தூங்கியும் போனாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில், சின்னவள் கடைக்குப் போயிருந்தபோது, தம்பியின் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“உன் பொண்டாட்டி தினமும் எந்த ரயில்ல போறான்னு உனக்குத் தெரியுமா?”

“எந்த ரயில்ல போவா? ஆபீஸ் போற ரயில்லதான்.”

“நல்லாக் கேட்டுப் பாரு.”

“அக்கா, எதுவா இருந்தாலும் நேரா சொல்லு. பாதி டிக்கெட் கிழிச்சுக் குடுக்காத.”

“நான் ஒண்ணும் சொல்லல. என் கண்ணுல பட்டத நீ கேட்டுக்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்.”

அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். சின்னவள் திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டான். “நீ காலைல எந்த ரயில் புடிக்கிற?”

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தாள். “வழக்கமான ரயில்தான். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே சும்மாதான் நடந்தது. சும்மா அவன் அவள் பையைத் திறந்து பேனா தேடினான். சும்மா அவள் போனை எடுத்து மணி பார்த்தான்.  அவள் முகம் நாளுக்கு நாள் சிறுத்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கவுன்ட்டரம்மா தன்னையே கேட்டுக்கொண்டாள். ஊதியது யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு நாள், பல் வலி என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு விடுப்பு எடுத்தாள். பல் வலிக்காரி என்றால் முகத்தை மூடிக்கொள்ளலாம். அந்தச் சௌகரியத்துக்காகவே அந்த வலி. பழுப்பு நிறச் சால்வையால் தலையையும் தாடையையும் சுற்றிக்கொண்டு, இரண்டாவது மேடையின் கோடியில் ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் நின்றாள். மஞ்சள் துப்பட்டா வந்தது. ரயில் வந்தது. சின்னவள் ஒரு கதவில் ஏற, அதே பெட்டியின் அடுத்த கதவில் கவுன்ட்டரம்மா ஏறினாள்.

பெட்டியில் ஆங்காங்கே சிலர். குடைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதைத் தொடும். சட்டைப்பையில் இரண்டு பேனா. சின்னவள் எதிர் ஜன்னலில் உட்கார்ந்தாள். தன் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்! கணவன் மடியில்கூட அவள் பையை வைத்து கவுன்ட்டரம்மா பார்த்ததில்லை. 

சின்னவள் ஜன்னல் சட்டத்தில் தலை சாய்த்தாள். கண்ணை மூடினாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

நடிப்பு என்று நினைத்தாள் கவுன்ட்டரம்மா.

கடைசி ஸ்டேஷன் வந்தது. இதோ இறங்கப்போகிறார்கள் என்று இவள் எழுந்து கதவருகே போனாள். அவர்கள் இறங்கவில்லை. பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கவில்லை. மேடையிலிருந்து புதிதாக ஆட்கள் ஏறி, அவசரமில்லாமல் இடம் பார்த்து உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரயில் குலுங்கி, வந்த வழியே நகரத்தை நோக்கிக் கிளம்பிற்று. கவுன்ட்டரம்மா விட்டுப்போன இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாயிற்று. இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய சொந்த ஸ்டேஷன் வந்தபோதுதான் கூட்டம் என்றால் என்ன என்று அவள் தெரிந்துகொண்டாள். இத்தனை வருஷமாக அந்த ஜனங்களுக்கு டிக்கெட் கொடுத்தவள், அந்த நேரத்து ரயிலில் ஒருநாளும் ஏறியதில்லை. வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். அவளுக்கு எதற்கு ரயில்? கதவு வழியாக மனிதர்கள் மூட்டை சரிவதுபோல வந்து விழுந்தார்கள். யாரோ காலை மிதித்தார்கள். யாரோ ஒருவரின் டிபன் டப்பா விலாவில் குத்தியது. தள்ளிக்கொண்டே போய் அவளைக் குடைக்காரரின் முழங்காலுக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இப்போது பை ஒரு கை தூரத்தில் இருந்தது. அதற்குள் என்ன இருக்கும்? மாற்றுத் துணியா? இந்த மனுஷன் ஏன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்? நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை நீண்டுவிட்டது. பையின் வாரில் விரல் பட்டதும் குடைக்காரர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்னம்மா இது?”

“ஒண்ணுமில்ல, கூட்டத்துல…”

“கூட்டத்துல கை தானா பைக்குள்ள போகுமா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தடித்த அம்மாள் குரலை உயர்த்தினாள். “நான் ஏறினதுலேருந்து பாக்கறேன் சார்! இந்தப் பொம்பள கண்ணு வேற எங்கயும் போகல. தூங்கற புள்ளையையும் பையையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருக்கா.”

“முகத்த ஏன் மூடியிருக்க? எடு பாக்கலாம்” என்று கவுன்ட்டரம்மாவிடம் திரும்பினாள்.

“பல் வலிங்க.”

“எந்தப் பல்லு?”

கவுன்ட்டரம்மாவுக்கு எந்தப் பல் என்று சொல்லத் தெரியவில்லை. ஆடு திருடின கள்ளனைப்போல முழித்தாள். பின்னாலிருந்து ஒருவன், “டிக்கெட் இருக்கா கேளுங்க” என்றான். டிக்கெட்டா? அவளுடைய ஊழியர் பாஸ் கவுன்ட்டர் மேசை டிராயரில் கிடந்தது. “நான் ரயில்வேலதான் வேலை பாக்கறேன்” என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய பொய்யாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. இதே குரலில் எத்தனை பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்!

“நீ ரயில்வேன்னா நான் இந்த வண்டிக்கு டிரைவர்” என்றான் அவன். பெட்டியே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் சின்னவள் விழித்தாள். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம். முதலில் குடைக்காரரைப் பார்த்தாள், பிறகு அவர் பிடித்திருந்த கையை, பிறகு சால்வைக்கு மேலே தெரிந்த கண்களை. தெரிந்துகொண்டாள். தெரிந்தும் உடனே பேசவில்லை. அந்தச் சின்ன மௌனத்தில் கவுன்ட்டரம்மா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ‘யாரோ, எனக்குத் தெரியாது’ என்று இவள் சொல்லிவிட்டால்? சொல்ல நியாயம் இருக்கிறதே?

“விடுங்க சார்,” என்றாள் சின்னவள். “எங்க அண்ணி.”

“உங்க அண்ணியா? அப்ப ஏன்மா கூடவே உக்காராம ஒளிஞ்சு ஒளிஞ்சு நின்னாங்க?”

 அடுத்த ஸ்டேஷனில் சின்னவள் பையை வாங்கிக்கொண்டு, அண்ணியின் முழங்கையைப் பிடித்துக் கூட்டத்தைப் பிளந்து இறங்கினாள்.

மேடையில் ஒரு சிமென்ட் பெஞ்சு. உட்கார்ந்தார்கள். ரயில் போன பிறகு சின்னவள் சொன்னாள்:

“சால்வைய எடுங்க அண்ணி. வேர்க்குது.”

எடுத்தாள்.

“என்ன நினைச்சீங்க?”

கவுன்ட்டரம்மா தண்டவாளத்தைப் பார்த்தாள். “அந்த ஆளு யாரு?”

“பேரு தெரியாது. ஏதோ கோர்ட்டுல எழுத்தரு. நமக்கு முந்தின ஸ்டேஷன்லயே ஏறி வருவாரு, கால் ஆபரேஷன் பண்ணினவரு, நிக்க முடியாது. நான் தூங்கிட்டா பை விழுந்துடுதுன்னு அவரு வச்சுக்குவாரு. என் ஸ்டேஷன் வந்தா குடையால ஜன்னல்ல தட்டுவாரு. அவ்வளவுதான்.”

“தூங்கறதுக்கா எதிர்ப்பக்கம் போற?”

“நம்ம ஸ்டேஷன்ல ஏறினா நிக்கவே இடம் கிடையாதே. இப்ப நீங்களே பாத்தீங்கல்ல? பின்னால கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயித் திரும்பினா சீட்டு கிடைக்கும். ஒரு மணி நேரம் தூங்கலாம். பாதி ஊரு இப்படித்தான் போகுது. அதுக்காகத்தான் சீசனும் கடைசி ஸ்டேஷன்லேருந்தே எடுத்தேன்.”

“அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

சின்னவள் சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை. “ஏன் வீட்டுல தூங்கலன்னு கேப்பீங்க.”

“கேட்டா?”

“நீங்க குறட்டை விடறீங்க அண்ணி.”

கவுன்ட்டரம்மா எதையும் எதிர்பார்த்திருப்பாள், இதை எதிர்பார்க்கவில்லை.

“நானா?”

“சரக்கு ரயில் போற மாதிரி. கல்யாணம் ஆன நாள்லேருந்து. வீடு உங்களுது. அவரை ஆளாக்கினது நீங்க. உங்ககிட்ட போயி நான் எப்படிச் சொல்றது? அவருகிட்ட சொன்னா, ‘எங்கக்காவையா’ம்பாரு.” நிறுத்தினாள். பிறகு குரல் தாழ்ந்தது. “அது மட்டும்னா பஞ்சு வச்சிருப்பேன். உங்க வீட்டுல நான் என்ன பண்ணினாலும் யாராவது பாக்கறீங்க. காலைல அந்த ஒரு மணி நேரம்தான் என்னை யாருமே பாக்கல. இப்ப அங்கயும் வந்துட்டீங்க.”

ஒரு ரயில் வந்து நின்று, நிரம்பிப் போயிற்று. இரண்டு பேரும் எழவில்லை.

“அவரு என் போன நோண்டறாரு,” என்றாள் சின்னவள். “முந்தாநாள் என் கைப்பைய மேசைமேல கவுத்துக் கொட்டினாரு. பேனா தேடினாராம். நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு தெரியும்.”

கவுன்ட்டரம்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.  “தப்புதாம்மா,” என்றாள்.

“நீங்களே அவருகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.” எழுந்து துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். அடுத்த ரயிலில் படிக்கட்டில் தொங்குகிறவர்களுக்கு நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு அவள் வேலைக்குப் போனதை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் வீடு திரும்பியபோது தம்பி தூக்கத்தில் இருந்தான். எழுப்பினாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியில் கையைப் பிடித்ததையும், டிக்கெட் இல்லாமல் முழித்ததையும்கூட விடவில்லை. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, நீ சொன்னத நான் நம்பினேன் பாரு,” என்றான். “அதுதான் எனக்கு இப்ப அசிங்கமா இருக்கு.” திரும்பிப் படுத்துக்கொண்டான், தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மாஸ்டரிடமும் சொன்னாள், பாதியை மறைத்து. “பின்னால போயி சீட்டு புடிக்கறதா? அது ஊருக்கே தெரியுமே! நேரா கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே?” என்றார் அவர். நேராகக் கேட்பது என்ற ஒன்று தனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள்.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. அவள் தன் மெத்தையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். சுவர் தாண்டியும் குறட்டை கேட்டது. சின்னவள் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். புருஷனிடம் அதைவிடக் குறைவாகப் பேசினாள். அவன் இரவு வேலையை மாற்றிக் கேட்டான். மாதத்தில் பாதி நாள் பகல் வேலை கிடைத்தது. ஒரு நாள் சமையலறையில் அவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் சண்டை போடுவது கேட்டது. கவுன்ட்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், குடியிருப்பைச் சுற்றி இருட்டும் வரை நடந்தாள். திரும்பி வந்தபோது அடுப்பில் பால் வைத்து மூன்று தம்ளர் எடுத்து வைத்திருந்தது.

பிறகு ஒரு நாள் சின்னவளே சொன்னாள். “மூக்குல எலும்பு வளைஞ்சிருந்தாலும் குறட்டை வருமாம் அண்ணி. எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு டாக்டர் இருக்காரு. காட்டலாமா?”

“என் மூக்க நான் ஊரெல்லாம் காட்டணுமா?” என்றாள் கவுன்ட்டரம்மா. என்றாலும் மறுநாளே விடுப்புச் சொல்லிவிட்டாள். இந்த முறை உண்மையான காரணத்தையே மாஸ்டரிடம் சொன்னாள். அவர் ஒரு வாரம் சிரித்தார்.

இரண்டு பேரும் இரண்டாவது மேடையில் ஒன்றாக நின்று, ஒன்றாக ஏறினார்கள். இந்தத் தடவை கவுன்ட்டரம்மாவின் பாஸ் இடுப்பில் செருகியிருந்தது. குடைக்காரர் வழக்கமான ஜன்னலில் இருந்தார். சின்னவள் எதிரில் உட்கார்ந்தாள். “சார், இன்னிக்கு அண்ணியும் கூட வர்றாங்க” என்றாள்.

“வரட்டும், வரட்டும்,” என்றார் அவர். சின்னவளின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கவுன்ட்டரம்மாவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பையையும் எடுத்து அதன்மேல் வைத்து, இரண்டுக்கும் குறுக்கே குடையைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.